ஏர் சஸ்பென்ஷன் கசிவு: வீட்டில் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு நேராக நின்ற கார், காலையில் ஒரு மூலை மட்டும் படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரசர் உறுமி, கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பலூன்கள் காரைத் தாங்கும் அமைப்பு) உள்ள பழைய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. இந்த நிலையில் பலர் செய்யும் பெரிய தவறு, சத்தம் போடுகிறதே என்று கம்ப்ரசரை மாற்றுவது. பெரும்பாலும் கோளாறு அதில் தொடங்குவதில்லை. கசியும் காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் அது தேய்கிறது. கசிவை விட்டுவிட்டுப் புதிது போட்டால் அதுவும் அப்படியே போகும்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் கெடும். கார் இறங்கும்போது வெளியேறும் காற்று டிரையர் வழியாகப் போய், அதிலுள்ள சிலிக்கா ஜெல்லின் ஈரத்தையும் கொண்டுபோக வேண்டும். பலூனிலேயே காற்று கசிந்தால் டிரையர் காய்வதில்லை. ஒவ்வொரு பலூனுக்கும் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக் வரை ஈரம் போய்விடும்.

ஆகவே முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து, சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டுக் காலையில் மறுபடி அளக்கலாம். ஃபியூஸைக் கழற்றாவிட்டால், பூட்டி நிற்கும்போதே சில கார்கள் தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். எந்த மூலையில் கசிவு என்றே தெரியாமல் போகும்.

சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்ப்பவர்களும் ஒன்றைத் தவற விடுகிறார்கள். ரப்பர் வெடிப்பது பெரும்பாலும் பலூனின் அடி மடிப்பில். கார் தாழ்ந்திருந்தால் அந்த இடம் மடிப்புக்குள் மறைந்திருக்கும். உயர்ந்த நிலைக்கு ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு, மடிப்பைச் சுற்றி மெதுவாக அடித்துவிட்டுக் காத்திருங்கள். சின்னக் கசிவென்றால் குமிழி வராது; வெள்ளையாக நுண்ணுரை மட்டும் மெல்லப் பூக்கும். அதுதான் நீங்கள் தேடும் இடம். அங்கே எதுவும் இல்லையென்றால் குழாய் இணைப்புகளையும் வால்வு பிளாக்கையும் பாருங்கள்.

ஸ்டாண்டு இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையையோ தலையையோ விடவே கூடாது. ஜாக்கியில் ஏற்றினாலும் சஸ்பென்ஷன் தானாக மட்டம் பார்த்துக் காற்றை வெளியே விடும். கார் சட்டென்று இறங்கும். இப்படி மட்டம் பார்ப்பதை நிறுத்திவைக்கும் ஜாக் மோடு காரில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ஃபியூஸைக் கழற்றுங்கள். கார் டயரில் 30-35 பிஎஸ்ஐ என்றால், இந்தக் குழாய்களில் 100-க்கு மேலும் இருக்கும். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்துக் காற்றை இறக்கியபின் இணைப்பைக் கழற்றுவது நல்லது. ஸ்கேனர் இல்லையென்றால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, கொஞ்சமாகத் தளர்த்தி, சீற்றம் அடங்கும்வரை பொறுங்கள்.

பலூன் வெடிப்பில் பஞ்சர் பசையோ சீலண்டோ போடுவது வீண். வண்டி ஓடும்போதெல்லாம் சுருண்டு விரியும் ரப்பரில் எந்த ஒட்டும் நிற்காது. சீலண்ட் உள்ளே போனால் வால்வும் அடைத்துக்கொள்ளும். வெடித்த பலூனை மாற்றத்தான் வேண்டும்.

நைலான் குழாய் நுனியில் கசிந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி சொருகலாம், நீளம் போதுமானால். கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி மீண்டும் கசியும். கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். இணைப்பில் குழாயைக் கவ்வும் பழைய பித்தளை வளையத்தை மறுபடி போடாதீர்கள். டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதன் இழைகள் வால்வுக்குள் போகும். ஸ்பேனரைப் பலங்கொண்டு திருகினால் அலுமினிய மரை வழுக்கிவிடும்.

புதுப் பலூன் போட்டதும், காற்றில்லாமல் காரின் எடையை அதன்மேல் இறக்குவது அடுத்த பெரிய தவறு. ரப்பர் தப்பாக மடிந்து, புதிய பொருள் முதல் நாளே பாழாகும். கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே காற்று ஏற்றி, மடிப்பு சரியாக விழுந்ததைப் பார்த்தபின் மெதுவாக இறக்குங்கள்.

கம்ப்ரசரையும் மாற்ற வேண்டி வந்தால் கூடவே அதற்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ரிலேயையும் மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும்.