பினாங்கு கடல்நீர்ச் சோதனை: பாட்டிலிலேயே கெட்டுப்போகும் கணக்கு

பினாங்கின் வட கரையில், தஞ்சோங் பூங்காவிலிருந்து தெலுக் பஹாங் வரை, கடல் கலங்கலாக இருப்பது சாதாரணம். அடியில் கிடக்கும் சேறு அலையடித்தால் கிளம்பும். கலங்கியிருந்தால் ‘அழுக்கு’, தெளிந்திருந்தால் ‘சுத்தம்’ என்று எழுதிவிடுவது முதல் தவறு. கழிவுநீர்க் கிருமி கண்ணுக்குத் தெரியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

ஆற்றுநீர் பார்த்துப் பழகியவர்கள் கடலிலும் ஈ.கோலை என்ற குடல் கிருமியை மட்டும் எண்ணிவிட்டுப் போகிறார்கள். உப்பிலும் வெயிலிலும் அது சீக்கிரம் செத்துவிடும். என்டரோகாக்கை என்ற இன்னொரு வகைக் குடல் கிருமி அதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பதால் குளிக்கும் கடலுக்கு அதுதான் பொருத்தம்.

இடமும் நேரமும் மாறினால் எண்ணும் மாறும். பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டும் பிடித்தால் எண் எகிறும். அரை கிலோமீட்டர் தள்ளி மட்டும் பிடித்தால் ஒன்றுமே இல்லாதது போல் தெரியும். முகத்துவாரத்தில் ஒன்று, ஆட்கள் குளிக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று இடமாவது வேண்டும். கடல் வற்றும்போது லோங்காங் (சாக்கடை) தண்ணீர் வெளியே இழுபடும், ஏறும்போது பின்வாங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே வற்று நிலையில் பிடியுங்கள். மதிய வெயில் கிருமியைக் கொல்லும், ஆகவே காலையிலேயே போவது நல்லது. மழை பெய்தால் ‘இன்று வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். லோங்காங்கில் கிடப்பதெல்லாம் கடலுக்கு வருவதே அன்றைக்குத்தான்! கடந்த 72 மணி நேரத்து மழையைப் படிவத்தில் குறித்தே ஆக வேண்டும்.

கிருமிச் சோதனைக்கான பாட்டிலைக் கடல்நீரில் அலசக் கூடாது. நைட்ரேட், பாஸ்பேட் பார்க்க மூன்று முறை அலசிப் பழகிய கை, இதையும் அலசிவிடும். முழங்காலுக்கு மேல் ஆழத்தில், நீரோட்டத்தை எதிர்நோக்கி நில்லுங்கள். கால் கிளப்பிய மணல் அடங்கட்டும், மணலிலும் என்டரோகாக்கை குடியிருக்கும். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. பாட்டிலைக் கவிழ்த்து 15 முதல் 30 சென்டிமீட்டர் இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். குலுக்குவதற்காக மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். எண்ணெய்க்குத் தனியாகக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

ஐஸ் பெட்டியிலும் ஒரு வழக்கமான கோளாறு உண்டு. ஐஸ் உருகிய தண்ணீரில் பாட்டில் சாய்ந்து மிதக்க, அந்தத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே கசியும். பையில் கட்டி நிமிர்த்தி வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், ஆனால் உறையக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும்.

என்டரோகாக்கையை எண்ணும் என்டரோலர்ட் சோதனை முறையில் கடல்நீரைப் பத்து மடங்கு நீர்த்துத்தான் போட வேண்டும். 41 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தபின், புற ஊதா ஒளியில் சோதனைத் தட்டில் நீலமாக ஒளிரும் குழிகளை எண்ணி, வரும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கலை மறந்து ‘கடல் சுத்தம்’ என்று அறிக்கை போவதும் நடக்கிறது.

கரைந்த ஆக்சிஜன் மீட்டரில் உப்பளவைப் போடாமல் விட்டால் சுமார் ஒரு மில்லிகிராம் கூடக் காட்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் பிடிக்கும், கடல்நீருக்கு 6.3-தான்.

கடைசியாகச் சராசரி. ஐந்து நாள் என்டரோகாக்கை எண்கள் 10, 20, 10, 40, 2000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 416. பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால், அதாவது பெருக்குச் சராசரியில், சுமார் 44. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ-வின் 2012 அளவுகோல் 100 மில்லிலிட்டருக்கு 35 என்பது இந்த இரண்டாவது சராசரிக்குத்தான். 130-ஐத் தாண்டும் மாதிரிகள் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. 2000-ஐப் பார்த்ததும் ‘ஏதோ பிழை’ என்று அடித்துவிடாதீர்கள். மறுநாள் அதே இடத்தில், அதே வற்றில் இன்னொரு பாட்டில் பிடித்து, இரண்டு எண்ணையும் பதிவில் வையுங்கள்.