சாய்மனைக் கதிரை: பாதி நான், பாதி ஆசாரியார்

நல்லூர் வீட்டின் முதிரை மரச் சாய்மனைக் கதிரையைப் புதுப்பிக்கக் கேட்ட கூலி, புதுக் கதிரையின் விலையை நெருங்கியது. இயந்திரத்தால் சுரண்டி வார்னிஷ் அடிப்பார்களாம். எனக்கு உடன்பாடில்லை. பழைய மரத்தின் அழகே மேற்பரப்பில்தான் இருக்கிறது; சுரண்டினால் அதுவும் தூளோடு போய்விடும்.

முதலில் பூச்சு என்னவென்று அறிய வேண்டும். காலின் உட்புறத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்படியென்றால் அரக்கு. புதிய அரக்கைப் பூசும்போது அதிலுள்ள ஸ்பிரிட் பழையதையும் இளக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆகவே அழுக்கை மட்டும் துடைத்தேன். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, மெல்லிய படலங்களாகப் பூசினேன். மழை நாட்களில் கை வைக்கவில்லை. ஈரக் காற்றில் பூச்சு பால்போல வெளிறும்.

ஆடிய கைப்பிடியின் பொருத்தில் வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தேன். பழைய வச்சிரப் பசை இளகிக் கழன்றது. சுத்தம் செய்து, மீண்டும் வச்சிரமே இட்டுக் கயிற்றால் இறுக்கினேன். (ஆணி அடிக்கச் சொன்ன அயலவருக்கு ஒரு கும்பிடு.)

பிரம்புப் பின்னலை மட்டும் ஆசாரியாரிடம் விட்டேன். நெடுக்கும் குறுக்கும் இரட்டை இழைகள், அவற்றினூடே இரு மூலைவிட்ட இழைகள்; எல்லாம் ஒரே இழுப்பில் நிற்க வேண்டும். அதற்குக் கொடுத்த காசு தகும். நனைந்த பிரம்பு காய்ந்து இறுகும்வரை யாரும் உட்காரக்கூடாது என்றார். அம்மா கேட்கவில்லை.