தீம் பார்க், சொகுசுக் கப்பல் விதிகள் மாறும்போது: கோபத்தைக் கோரிக்கையாக மாற்றும் வழி

ஒரே தீம் பார்க்குக்கோ ஒரே நிறுவனத்தின் சொகுசுக் கப்பலுக்கோ திரும்பத் திரும்பச் செல்பவர்கள், எந்த சவாரிக்கு முதலில் ஓடுவது, கப்பலில் எந்தத் தளத்தில் அறை எடுப்பது என்பது வரை அடுத்த பயணத்தை மனத்துக்குள் முன்பே முடித்துவிட்டிருப்பார்கள். அதனால் விதி ஒன்று மாறினால், புதிதாக வருபவருக்கு வெறும் தகவலாகத் தெரிவது பழைய ரசிகருக்குக் கையில் இருந்ததைப் பிடுங்கியதாகத் தெரிகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தாலும், நியாயம் இருக்கும் இடத்திலெல்லாம் பணம் திரும்பக் கிடைத்துவிடுவதில்லை. எனவே முதல் வேலை, இழந்தது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஒன்றா, நிறுவனம் வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையா என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து வால்ட் டிஸ்னி வேர்ல்ட் விடுதிகளுக்கு இலவசமாக ஓடிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து 2022 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. சவாரிகளின் நீண்ட வரிசையைத் தவிர்க்க 1999 முதல் கட்டணமின்றிக் கிடைத்த ஃபாஸ்ட்பாஸ் போய், அதே வசதிக்கு 2021 அக்டோபரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டாலர் என்று ஜீனி பிளஸ் வந்தது. 2024 ஜூலையில் அதுவும் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியது. மாற்றத்துக்குப் பிறகு முன்பதிவு செய்தவர்களுக்கு இவற்றில் எதுவும் விற்கப்படவில்லை என்பதால், மனம் வலித்தாலும் வழக்கு இல்லை. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் டிரீம் கீ ஆண்டுப் பாஸின் கதை வேறு. 2021-இல் 1,399 டாலருக்கு விற்கப்பட்ட அந்தப் பாஸுக்குத் தடை நாட்களே (பாஸ் செல்லாத நாட்களே) கிடையாது என்று விளம்பரம் சொன்னது. ஆனால் சில நாட்களில் பாஸ் வைத்திருந்தோருக்கு முன்பதிவு கிடைக்காதபோது, அதே நாட்களுக்குச் சாதாரண டிக்கெட்டுகள் விற்பனையில் இருந்தன என்று குற்றம் சாட்டி வழக்குத் தொடரப்பட்டது. டிஸ்னி தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2023-இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தலைக்குக் கிடைத்தது சுமார் 67 டாலர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த வழக்கு நின்றது விளம்பரத்தில் அச்சான ஒரே ஒரு தொடரின் பலத்தில்தான். பழைய பாஸ் எவ்வளவு நன்றாக இருந்தது என்ற ஏக்கத்தின் பலத்தில் அல்ல.

ஆகவே ஆதாரம் சேர்க்கும் நாள், விதி மாறும் நாள் இல்லை. பணம் கட்டும் நாள். அறிவிப்பு வெளியாகும் அன்றே இணையப் பக்கமும் திருத்தப்பட்டுவிடும். பிறகு பழைய வாசகம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பணம் கட்டியவுடன், தொகுப்பில் என்னென்ன அடங்கும் என்று சொல்லும் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிபந்தனைகள் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை அழிக்காதீர்கள். தொலைபேசியில் ஊழியர் ஏதேனும் வாக்குக் கொடுத்தால், அதை முன்பதிவுக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டு, அன்றே அதை உறுதிப்படுத்தும் சிறு மின்னஞ்சல் ஒன்றையும் அனுப்பிவையுங்கள். வாய்ச்சொல்லாக நின்றுவிட்டால், அடுத்த ஊழியருக்கு அது தெரியவே தெரியாது.

இதன் அருமை நார்வீஜியன் குரூஸ் லைன் விவகாரத்தில் நன்றாகத் தெரிந்தது. பஹாமாஸில் உள்ள தன் சொந்தத் தீவான கிரேட் ஸ்டிரப் கேயில், கப்பல் பயணத்துக்கென வாங்கிய பானத் தொகுப்பு (ஒரே கட்டணத்தில் பானங்கள் தரும் திட்டம்) 2026 மார்ச் 1 முதல் செல்லாது என்று அந்நிறுவனம் அறிவித்தபோது, ஏற்கெனவே முன்பதிவு செய்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் பார்க்க வேண்டியது, தான் வாங்கிய அன்று தொகுப்பின் விவரத்தில் தீவின் பெயர் இருந்ததா என்பதைத்தான். இருந்திருந்தால் அது கோரிக்கை. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் அது வேண்டுகோள் மட்டுமே. இரண்டுக்கும் கடிதத்தின் தொனியே வேறு.

கப்பல் பயண ஒப்பந்தம் நீளமானது, சலிப்பூட்டுவது. ஆனாலும் மூன்று பகுதிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். முதலாவது, பயணப் பாதை மாற்றம். பெரும்பாலான ஒப்பந்தங்கள், ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமையைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் துறைமுகத்துக்கான வரியையும் கட்டணத்தையும் மட்டுமே திருப்பித் தருவதாகச் சொல்கின்றன. எனவே துறைமுகம் தவறியதற்காக முழுக் கட்டணத்தைக் கேட்பது பெரும்பாலும் வீண் வேலை. இரண்டாவது, கூடுதல் கட்டணங்கள். நாள்தோறும் கணக்கில் ஏறும் டிப்ஸ் தொகை அடிக்கடி உயர்கிறது. ராயல் கரீபியன் 2023 நவம்பரில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு 18 டாலராக உயர்த்தியது. உயர்வு நடைமுறைக்கு வருவதற்குள் முன்பணமாகக் கட்டிவிட்டால் பழைய தொகையே போதும் என்று நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வதால், அறிவிப்பைப் பார்த்த அன்றே கட்டிவிடுவது புத்திசாலித்தனம். மூன்றாவது, தகராறை எந்த ஊர் நீதிமன்றத்தில் தீர்ப்பது என்ற பகுதி. டிக்கெட்டில் அச்சிட்டிருந்த இத்தகைய நிபந்தனை செல்லும் என்று, கார்னிவல் கப்பல் நிறுவனம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தொலைவில் வசிப்பவருக்கு அந்த ஒரு பத்தியே வழக்கின் கதவை ஏறக்குறைய மூடிவிடும்.

இதையெல்லாம் விட வலுவான ஆயுதம் நாட்காட்டியில் இருக்கிறது. கப்பல் பயணங்களில் மீதித் தொகையைக் கட்டவேண்டிய கடைசி நாள், நிறுவனத்தையும் பயணத்தின் நீளத்தையும் பொறுத்து, பொதுவாகப் புறப்பாட்டுக்கு இரண்டரை முதல் நான்கு மாதங்கள் முன்னதாக வரும். திரும்பப் பெற முடியாத முன்பணத் திட்டத்தில் நீங்கள் இல்லையென்றால், அந்த நாளுக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். எனவே மாற்றம் அறிவிக்கப்பட்டவுடன் விவாதத்தில் இறங்குவதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள். தேதி கடக்காதவரை நிறுவனம் உங்களிடம் பேசும்; கடந்துவிட்டால் ஒப்பந்தம்தான் பேசும்.

தேதி கடந்தபின் சட்டம் உதவுமா என்பது எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும், கப்பல் பயணமோ, விடுதியும் பூங்கா டிக்கெட்டும் ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்கிய தொகுப்போ என்றால், முக்கிய அம்சம் ஒன்று கணிசமாக மாறினாலோ விலை 8 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தாலோ கட்டணமின்றி விலகிப் பணத்தைத் திரும்பப் பெறலாம்; புறப்பாட்டுக்கு முந்தைய 20 நாட்களுக்குள் விலையை உயர்த்தவே கூடாது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறும் பயணிகளுக்கு இவ்வளவு அகன்ற பாதுகாப்பு இல்லை. பயணமே ரத்தானாலோ, கப்பலில் ஏறுவது 3 நாட்களோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ பணத்தைக் கேட்கலாம் என்ற விதி 2022 முதல் இருக்கிறது. அறை சுத்தம் செய்வது நாளுக்கு இருமுறையிலிருந்து ஒருமுறையாகக் குறைந்தது போன்ற மனக்குறைகளை அது தொடாது.

இனி கடிதம். இருபது ஆண்டு விசுவாசத்திலிருந்து தொடங்கும் கடிதங்களுக்கு அச்சடித்த வருத்தமே பதிலாக வருகிறது, அந்த வரியை இறுதிக்குத் தள்ளிவிட்டு இப்படி எழுதலாம்: "இந்த எண்ணுள்ள முன்பதிவை இந்தத் தேதியில் செய்தேன். அன்று உங்கள் பக்கம் இந்தப் பயன் அடங்கும் என்று கூறியது, நகல் இணைத்துள்ளேன். அறிவித்த மாற்றத்தால் அது இப்போது இல்லை. அதன் மதிப்பான இவ்வளவு தொகையை, பணம் செலுத்திய அட்டைக்கே திருப்பித் தருமாறு கேட்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்." ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். உணவு சரியில்லை, வரிசை நீளம், ஊழியர் முகம் கொடுக்கவில்லை என்று அடுக்கினால், பதில் எழுதுபவர் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

ரொக்கத்துக்குப் பதில், எதிர்காலப் பயணக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் தொகை தருகிறோம் என்று பதில் வந்தால், மீண்டும் செல்லும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்; அதை ஏற்றபின் ரொக்கம் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் அந்தக் கட்டணத்துக்கு மறுப்புத் தெரிவிப்பது அடுத்த படி. அமெரிக்காவில் அதற்குப் பொதுவாக அட்டைக் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்கள் அவகாசம்; பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ அட்டை நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பேற்கிறது. விற்கப்பட்டது தரப்படவில்லை என்று காட்ட முடிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகள் மாறும்போது பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல. வரிசையில் நிற்காமல் வேறிடத்தில் காத்திருந்து சவாரிக்கு வர உதவும் தன் ஊனமுற்றோர் அணுகல் சேவையை டிஸ்னி 2024 மே 20 அன்று ஃபுளோரிடாவிலும் ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவிலும் சுருக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளால் வரிசையில் நீண்ட நேரம் காத்திருக்க இயலாதவர்களுக்கென்று வரையறுத்தது. முன்பு பெற்றவர் என்பதால் இப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம். பயணத்துக்கு முன்பே காணொளி அழைப்பில் விண்ணப்பித்து, நோயின் பெயரைவிட வரிசையில் நிற்கும்போது என்ன நேர்கிறது என்பதை விவரியுங்கள். மறுத்தால், வரிசையிலிருந்து வெளியேறித் திரும்பிச் சேரும் வசதி ஒவ்வொரு சவாரிக்கும் எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொய்யான தகவல் கொடுத்ததாகக் கண்டறிந்தால் நிரந்தரத் தடை என்றும் விதி இருப்பதால், மிகைப்படுத்திச் சொல்வது ஆபத்து.

விசுவாசத் திட்டப் புள்ளிகளைச் சேமிப்பாக எண்ணாதீர்கள். கார்னிவல், பயண நாட்களைக் கணக்கிட்ட பழைய திட்டத்துக்குப் பதிலாகச் செலவைக் கணக்கிடும் திட்டத்தை 2025-இல் அறிவித்தபோது பலரும் கொந்தளித்தனர். ஆனால் இத்தகைய திட்டங்களின் நிபந்தனைகளில், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வரி வழக்கமாக உண்டு. கையில் இருக்கும் பயனைக் கிடைக்கும்போதே பயன்படுத்திவிடுவதுதான் வழி.

எழுத்து ஆதாரம் இல்லாத மனக்குறைகளுக்குக் கூட்டுக் குரல் ஒன்றே மருந்து. அது சில நேரம் பலிக்கவும் செய்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் விடுதி விருந்தினர்களுக்கு இரவு முழுவதும் இலவச வாகன நிறுத்தம் 2023 ஜனவரியில் திரும்பி வந்தது. தேதி குறித்த டிக்கெட்டுக்குத் தனி முன்பதிவு வேண்டும் என்ற கட்டாயமும் 2024 ஜனவரி 9-இல் நீக்கப்பட்டது. பயணத்துக்குப் பின் வரும் கருத்துக் கணிப்பிலும், ஆண்டுப் பாஸைப் புதுப்பிக்காமல் விடும்போது காரணம் கேட்கும் கட்டத்திலும், மாறிய விதியின் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள். "எல்லாமே பணம் பிடுங்குவதாகிவிட்டது" என்ற வரியை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அங்கே யாருக்கும் தெரியாது.