கொலம்போவை மறுபடி பார்க்க ஒரு வழி

‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரை வரிசையாகப் பார்த்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஒவ்வொன்றும் தனிக்கதைதான். 1971-ல் வந்த ‘மர்டர் பை த புக்’ பகுதியில் ஆரம்பியுங்கள். இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்போது வயது 24! ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்க, கொலைகாரனின் கார் நெருங்கி வரும். அந்தத் தட்டச்சு ஓசையைத் தவிர வேறு சத்தமே இருக்காது, அதனால் ஒலியை நன்றாகக் கூட்டி வையுங்கள்.

கொலை செய்தது யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் செல்போனைத் தொடவே கூடாது, ஏனென்றால் கொலைகாரன் எங்கே கோட்டை விட்டான் என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் கசங்கிய மழைக்கோட்டோடு துப்பறிவாளர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் வருவார், பென்சிலைத் தேடிப் பை பையாகத் துழாவுவார், போகிற மாதிரி போய் வாசலில் திரும்பி ‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்பார். அங்கே நிறுத்திவிட்டு, என்ன கேட்கப்போகிறார் என்று நீங்களே யோசியுங்கள்.

பழைய 4:3 படம், அதாவது இன்றைய டிவி திரையைவிட அகலம் குறைந்தது, டிவி திரைக்கு ஏற்ப இழுத்து நிரப்பாதீர்கள், முகமெல்லாம் அகலமாகிவிடும்.

அடுத்து 1973-ன் ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’. கடைசியில் கொலைகாரனும் கொலம்போவும் காரில் உட்கார்ந்து ஒயின் குடிக்கும் காட்சிக்காகவே பார்க்கலாம். 1989-க்குப் பிறகு வந்தவற்றைக் கடைசிக்கு வையுங்கள், எழுபதுகளின் இறுக்கம் அவற்றில் இல்லை.