கால்பந்து ரசிகர் பாட்காஸ்ட்: முதல் எபிசோடைப் போடுவது எப்படி?

மேட்ச் முடிந்து ஒரு மணி நேரமாகியும் மனசு ஆறவில்லை. டிவியில் கோட் போட்டுக்கொண்டு பேசுபவர்களோ வேறு ஏதோ ஆட்டத்தைப் பார்த்த மாதிரி பேசுகிறார்கள். இந்தக் கடுப்பில்தான் ரசிகர் ஊடகம் பிறந்தது.

1980-களில் இங்கிலாந்தில் ரசிகர் என்றாலே கலாட்டாக்காரர் என்ற பேச்சு. பதில் சொல்ல இடம் இல்லாத ரசிகர்கள் தாங்களே எழுதி, போட்டோகாப்பி எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, மைதான வாசலில் நின்று விற்றார்கள். அதற்குப் பெயர் ஃபேன்சீன். பிராட்ஃபோர்ட் சிட்டி ரசிகர்களின் 'சிட்டி ஜென்ட்' 1984-இல் வந்தது, 'வென் சாட்டர்டே கம்ஸ்' 1986-இல். லிவர்பூல் ரசிகர்களின் 'தி ஆன்ஃபீல்ட் ராப்' 2011-இல் பாட்காஸ்டாக, அதாவது இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சியாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆர்சனல் ரசிகரான ராபி லைல், 'ஆர்சனல் ஃபேன் டிவி' என்ற தன் யூடியூப் சேனலுக்காக அந்த அணியின் மைதானத்துக்கு வெளியே மைக்கை நீட்டி, வெளியே வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். இப்போது உங்கள் முறை.

படி 1: ஒரு சின்ன மூலையைப் பிடியுங்கள்

"எங்கள் அணி பற்றி எல்லாமே" என்று தொடங்கினால் மூன்றாவது வாரமே மூச்சு முட்டும். பெண்கள் அணி மட்டும், இளையோர் அணி மட்டும், தோற்ற ஆட்டங்கள் மட்டும் என எதுவும் ஆகலாம். மைக்கேல் காக்ஸ் 2010-இல் தொடங்கிய 'சோனல் மார்க்கிங்' வலைப்பதிவு ஆட்ட வியூகத்தை மட்டுமே அலசியது. அதுவே அவருக்குப் பெரிய பத்திரிகைகளின் கதவைத் திறந்தது.

படி 2: பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். ஒரு தாள், ஒரு பேனா, நிமிடக் கணக்கு, அவ்வளவு போதும். என் தாளில் ஒரு வரி: "63 – லெஃப்ட் பேக் இடுப்பில் கை. மறுபடியும் அவன் பக்கமே பந்து." அதாவது, இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் களைத்துவிட்டார்.

இப்போது எபிசோடின் தொடக்கத்தைப் பாருங்கள். "டிஃபென்ஸ் சரியில்லை" என்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "63-ஆவது நிமிடம் லெஃப்ட் பேக் இடுப்பில் கை வைத்தான்; கோச் 78 வரை அவனை மாற்றவில்லை; 71-இல் அந்தப் பக்கம்தான் கோல்" என்று தொடங்குங்கள். அதே ஆட்டத்தைப் பார்த்தவர், "அட, ஆமாம்!" என்பார்.

படி 3: பதிவு

போன் போதும். மைக் வாங்குவது பத்தாவது எபிசோடுக்கு அப்புறம். திரைச்சீலை, மெத்தை உள்ள அறையில் எதிரொலி குறையும். நண்பர் வேறு ஊரில் இருந்தால் இருவரும் இயர்போன் போட்டுப் பேசுங்கள். அவரவர் குரலை அவரவர் பக்கமே பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சேர்ந்து கை தட்டினால், இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் இரண்டு பதிவுகளையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்திவிடலாம்.

எங்கள் முதல் எபிசோடு ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. அதில் பாதி நேரம் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம், மீதி நேரம் நான் மேஜையைத் தட்டினேன். 20 நிமிடத்தில் நிறுத்தப் பழகுங்கள்.

படி 4: ஆட்டக் காட்சியைத் தொடாதீர்கள்

யூடியூபிலும் போடப் போகிறீர்களா? கோல் கிளிப் சில நொடிதான் என்றாலும் வேண்டாம். ஒளிபரப்பு உரிமை வேறொருவருடையது. பிறருக்கு உரிமையுள்ள காட்சிகளைத் தேடும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' ஏற்பாடு தானாகவே கண்டுபிடித்துவிடும். தாளில் அம்புக்குறி போட்டு விளக்குங்கள். லைலின் சேனலை மக்கள் பார்த்தது ரசிகர்களின் முகத்துக்காகத்தான், கோலுக்காக அல்ல.

படி 5: வெளியிடுங்கள்

பாட்காஸ்ட் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஒரு ஹோஸ்டிங் தளத்தில் ஏற்றினால், புது எபிசோடுகளைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் (RSS) என்ற இணைய முகவரி கிடைக்கும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் அதைப் பதிந்தால் வேலை முடிந்தது. யூடியூபில் நீள வீடியோக்கள் வழியாக விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதனால் இப்போதைக்குக் காசை மறந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும்: தோற்ற இரவில் கத்தினால் பார்வைகள் ஏறும், அதனால் இன்னும் கத்த நாக்கு அரிக்கும். பாஸ் கொடுத்த விதத்தைத் திட்டுங்கள், வீரரின் வீட்டாரை இழுக்காதீர்கள்.

சரி, அடுத்த மேட்ச் என்றைக்கு? தாளை எடுத்து வையுங்கள்.