செயின்ட் எமிலியோனில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் போர்தோ நகரில் குடியிருப்பவர்களுக்குக் கோடை தொடங்கினாலே உறவினர் வரவு தொடங்கிவிடும். வருகிறவர்கள் எல்லோரும் கையோடு ஒரு திட்டம் வைத்திருப்பார்கள்: கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் செயின்ட் எமிலியோனுக்குப் போய், ஒயின் பண்ணைகளையும் அந்தப் பழைய ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். “அண்ணா, இது சரியா வருமா பாருங்க” என்று கைபேசியை நீட்டுவார்கள். பார்த்தால், இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் போட்ட அதே திட்டம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஒரே நாளில் நான்கு பண்ணைகள்

வரைபடத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் ஐந்து நிமிடம். அதனால் காலை 10, 11.30, மதியம் 2, மாலை 4 என்று நான்கு இடங்களுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு இடத்திலும் முதலில் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மண்ணைக் காட்டுவார்கள். அப்புறம் நொதிக்கும் தொட்டிகள், பிறகு ஓக் பீப்பாய்கள் இருக்கும் நிலவறை, கடைசியாகத்தான் ருசி பார்க்கும் மேசை. ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். சிறிய பண்ணையென்றால் ஊற்றிக் கொடுப்பவர் பெரும்பாலும் உரிமையாளராகவோ அவர் குடும்பத்தில் ஒருவராகவோ இருப்பார். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்காக வந்திருப்பார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

இதைவிடப் பெரிய சிக்கல் நாக்கில் இருக்கிறது. சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வாய் வறண்டு துவர்க்கும். அந்த வறட்சி குவளைக்குக் குவளை ஏறிக்கொண்டே போகும். இங்கே மெர்லோ திராட்சைதான் அதிகம். 14 சதவீத ஆல்கஹால் சாதாரணம். இடத்துக்கு மூன்று நான்கு குவளை என்றால், மூன்றாவது பண்ணையில் எதைக் கொடுத்தாலும் ஒரே ருசிதான்.

போன கோடையில் நண்பரின் தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். இரண்டு போதும் என்றேன், கேட்கவில்லை. அவள் பல ஆண்டுகளாகப் பார்க்க நினைத்த பண்ணை மூன்றாவதாக வந்தது. அங்கே இரண்டு வெவ்வேறு ஆண்டு ஒயின்களை ஊற்றி வித்தியாசம் கேட்டார்கள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான்காவது இடத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம். அடுத்த குழு உள்ளே போய்விட்டது, கட்டிய பணம் திரும்பவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது பாறைத் தேவாலயத்தின் கடைசிச் சுற்றும் முடிந்திருந்தது.

எனக்கு இன்னும் எரிச்சல் அந்தக் கடைசி விஷயத்தில்தான். ஊரை மிச்ச நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வந்த எமிலியோன் என்ற துறவி தங்கிய குகை இங்கே இருக்கிறது. பக்கத்திலேயே, ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து எழுப்பிய தேவாலயம். அதற்குள் வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும். குறித்த நேரத்தில் போகாவிட்டால் வெளியே நின்று மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஊரைப் பார்க்காமல் இந்த ஒயினைப் புரிந்துகொள்வது கடினம். கீழே வெட்டியெடுத்த கல்லில்தான் மேலே வீடுகள் நிற்கின்றன. வெட்டிய வெற்றிடங்கள் சில பண்ணைகளுக்கு நிலவறைகளாயின. மேட்டு நிலத்துத் திராட்சைக் கொடிகளும் அதே சுண்ணாம்புப் பாறைமேல்தான் வேர்விட்டிருக்கின்றன. யுனெஸ்கோ 1999இல் ஊரையும் தோட்டங்களையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

ஆகவே நான் சொல்லும் திட்டம் இது: காலையில் ஒரு பண்ணை. நிதானமாக மதியச் சாப்பாடு. பிறகு பாறைத் தேவாலயம், சந்துகளில் நடை. தெம்பிருந்தால் மாலையில் இன்னொன்று, அதுவும் நடந்து போகிற தூரத்தில். க்ளோ ஃபூர்த்தே என்ற பண்ணை ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. அதன் நிலவறைகள் பழைய கல் சுரங்கங்கள். கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யாமல் வாசலில் நிற்பது

பெரும்பாலும் கதவு திறக்காது. செப்டம்பர் பிற்பாதியில் அறுவடை மும்முரத்தில் கேட்கவே வேண்டாம்.

துப்பக் கூச்சப்படுவது

ருசி பார்த்த ஒயினைத் துப்புவதற்காகத்தான் மேசையில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். ஒயின் செய்கிறவர்களே துப்பித்தான் ருசி பார்க்கிறார்கள். ஊற்றியவரை அவமதிப்பதாக ஆகாது.

பட்டியலை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது

இந்த ஊர் ஒயின்களுக்கென்று ஒரு தரவரிசை 1955இல் வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். 2022இல் வெளியானதுதான் கடைசி. அதற்கு முந்தைய ஆண்டே, வரிசையின் உச்சியில் இருந்த ஷெவால் பிளாங், ஓசோன் என்ற பண்ணைகள் இரண்டும் இனி இதில் சேர மாட்டோம் என்று விலகிவிட்டன. ஆக, பட்டியலில் இல்லாதது மட்டம் என்று அர்த்தமில்லை. அதேபோல லேபிளில் ‘கிராண்ட் க்ரூ’ என்று மட்டும் இருந்தால் அது தரவரிசையில் இடம்பிடித்த ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வரிசையில் இருப்பவை ‘க்ளாஸே’ என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கும். எனக்குப் பிடித்த பொழுதுகள் எல்லாம் பெயர் தெரியாத சின்னப் பண்ணைகளில்தான் கிடைத்தன. கேள்வி கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.

ஓட்டுநரும் குடிப்பது

பிரான்ஸில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 மட்டுமே. ஓட்டுகிறவர் குடிக்காமலிருப்பதே சரி. இல்லையென்றால் ரயிலில் போங்கள்.

ரயில் நிலையத்தை ஊரென்று எண்ணுவது

போர்தோவிலிருந்து ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். ஆனால் நிலையம் கீழே இருக்கிறது. ஊருக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும். ஊருக்குள் செங்குத்தான கல் சந்துகள், மழை பெய்தால் வழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அடிக்கடி வண்டி கிடையாது.

சென்ட் பூசிக்கொண்டு போவது

வேண்டாம். பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயினின் மணம் தெரியாமல் போகும்.

பாட்டில்களைக் காரில் விட்டு ஊர் சுற்றுவது

கோடை வெயிலில் மூடிய காருக்குள் ஓரிரு மணி நேரம் போதும்: ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், பழத்தின் மணம் போய்க் காய்ச்சிய ருசி வந்துவிடும். காலையில் வாங்கினால், மாலையில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று பண்ணையிலேயே கேட்டுப் பாருங்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள் துணிக்குள் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் விட மாட்டார்கள்.