கொங்கு நாட்டுப் பிள்ளை விமானியாவதற்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

விமானியாக விரும்பும் பிள்ளை உள்ள வீட்டில் முதலில் எழும் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் உள்ள தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா, பனியன் கம்பெனி வருமானத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாமா என்று கணக்குப் போட்டு, பயிற்சிப் பள்ளியில் முன்பணத்தையும் கட்டிவிட்ட பிறகுதான் மருத்துவப் பரிசோதனையைப் பற்றி யோசிக்கிறார்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு நிறக்குருடு இருப்பது, பள்ளிக்கு இலட்சக்கணக்கில் பணம் செலுத்திய பின்னரே தெரியவந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. உடல், பாடம், பணம் என்ற வரிசையில் நடந்திருந்தால் அந்தக் குடும்பம் சில ஆயிரம் ரூபாய்ச் செலவோடு உண்மையை அறிந்திருக்கும். ஆகவே இங்கே எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் இந்த இரு பாடங்களை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறலாம். மாணவ விமானி உரிமத்தை 16 வயதில் பெறலாம். சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் பொறியியல் முடித்துவிட்டு இத்துறைக்கு வருகிறவர்கள் உண்டு. வேலை கிடைக்கத் தாமதமானால் அந்தப் பட்டம் கைகொடுக்கும் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மருத்துவத்தில் இரண்டு படிகள் உள்ளன. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னர் கிளாஸ் 1. முதல் கிளாஸ் 1 பரிசோதனையை நடத்தும் இடங்களுள் பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் நமக்கு அருகிலுள்ளது. இரத்தம், இதயத் துடிப்புப் பதிவு, காது கேட்கும் திறன், கண் பார்வை, நிறம் பிரித்தறியும் திறன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். "ஏனுங்க, கண்ணாடி போட்டிருந்தாப் பைலட் ஆக முடியாதுங்களா?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. கண்ணாடி அணிந்து பார்வை வரம்புக்குள் வந்தால் அது தடையில்லை. நிறக்குருடு அப்படியல்ல, அதைக் கண்ணாடியால் சரிசெய்ய முடியாது. என்னைக் கேட்டால், சட்டம் எப்போது கேட்கிறது என்று காத்திருக்காமல், பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே இரண்டு படிகளையும் முடித்துவிடுவதே நல்லது.

அடுத்தது பாடம். தேர்வு எழுத டிஜிசிஏ வழங்கும் கம்ப்யூட்டர் நம்பர் என்னும் தேர்வர் பதிவு எண் தேவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்த பின்னரே அதைத் தருவார்கள் என்பதால், தேர்வு முடிவு வந்த மாதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். விமானச் சட்ட விதிகள், வழிநடத்தல் (நேவிகேஷன்), வானிலையியல், பொதுத் தொழில்நுட்பம், ஓட்டும் விமானத்துக்குரிய தனித் தொழில்நுட்பம் என்று தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றோடு வானொலித் தொடர்புக்கான ஆர்டிஆர் தேர்வும் ஆங்கில மொழித் திறன் சோதனையும் சேரும். மொழித் திறனில் சர்வதேச அளவுகோலின்படி குறைந்தது நான்காம் நிலை வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இலக்கிய ஆங்கிலம் இங்கே தேவைப்படுவதில்லை. சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசவும், காதில் விழுந்ததைத் தவறின்றித் திருப்பிச் சொல்லவும் தெரிய வேண்டும்; அதை நாள்தோறும் உரக்கப் பேசிப் பழகினால் ஓராண்டில் கைவரும்.

வானிலையியலும் வழிநடத்தலுமே பலரைத் தடுமாற வைக்கின்றன. கொங்கு நாட்டுப் பிள்ளைக்கோ இவற்றைக் கண்ணெதிரே பார்த்துப் படிக்கும் வாய்ப்பு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல்போலத் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருங்கிப் பாய்ந்து பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு, மலை இடுக்கில் காற்று வேகமெடுப்பது ஏன் என்பதைப் பாடநூல் தனியாகப் புரியவைக்க வேண்டியதில்லை. இனி, பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தின் ஓடுபாதையை எண்ணிப் பாருங்கள். அதன் ஒரு முனைக்கு 05 என்றும் மறு முனைக்கு 23 என்றும் பெயர். அந்த முனையிலிருந்து ஓடும் விமானம் நோக்கும் காந்தத் திசையைப் பாகையில் அளந்து, அருகிலுள்ள பத்தின் மடங்காக்கி, கடைசி இலக்கத்தை நீக்கினால் கிடைக்கும் எண் அது. 23 என்றால் ஏறத்தாழ 230 பாகை, அதாவது தென்மேற்கு. விமானம் எதிர்க்காற்றில்தான் எழவும் இறங்கவும் விரும்பும் என்பதால், அந்தப் பருவத்தில் தென்மேற்கை நோக்கிப் பயன்படுத்தப்படும் முனை எது என்பதை மாணவர் தாமே சொல்லிவிட முடியும்.

அதே நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்ட அழுத்தத்துக்குப் பொருத்திய உயரமானியோடு விமானம் அங்கே தரையில் நிற்கும்போதும் அதன் முள் 1,300 அடிக்கு மேல் காட்டும்; ஏன் என்று விளக்கத் தெரிந்தால் உயரமானியைப் பற்றிய பாடத்தில் பாதி முடிந்தது. வெயில் ஏறிய சித்திரை நண்பகலில் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே எடையுள்ள விமானம் மேலெழ இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும். வழிநடத்தலில் அறுபதுக்கு ஒன்று என்றொரு விதி உண்டு: திசை ஒரு பாகை தவறினால் 60 கடல் மைலுக்கு ஒரு கடல் மைல் விலகிப் போவோம். கோவையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கடல் மைல். ஒரே ஒரு பாகைப் பிழையைத் திருத்தாமல் விட்டால், மூன்றரைக் கடல் மைலுக்கு மேல், அதாவது ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தள்ளிப் போய் நிற்போம். இத்தகைய கணக்குகளை நம் ஊர்களை வைத்தே நாளுக்கு ஐந்து போட்டுப் பழகுங்கள்.

உடலும் பாடமும் உறுதியான பின்னரே பள்ளியைத் தேட வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி மத்திய அரசின் நிறுவனம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். நமக்கு அருகே, ஓமலூர்ப் பக்கம் உள்ள சேலம் விமான நிலையத்தையும் இந்திய விமான நிலைய ஆணையம் 2022-இல் பயிற்சிப் பள்ளிக்கென ஒதுக்கிய இடங்களுள் சேர்த்தது. எந்தப் பள்ளியானாலும், டிஜிசிஏ அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று இயக்குநரகத்தின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நேரில் போய் நின்று பாருங்கள். எத்தனை விமானங்கள் உள்ளன என்பதைவிட, அன்று எத்தனை பறக்கும் நிலையில் இருக்கின்றன என்பதே முக்கியம். ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள், பயிற்றுநர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு சேர்ந்தவர் இன்று எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்று மாணவர்களிடமே கேளுங்கள். பறக்கும் பயிற்சிக்கு மட்டும் ஐம்பது இலட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ செலவாகக்கூடும். முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும் இசைய வேண்டாம். பறந்த மணி நேரத்துக்கேற்பத் தவணையாகச் செலுத்துவதையும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் கையெழுத்திடாத நம் மக்கள், இங்கே மட்டும் ஒரு பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்திடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

பறத்தல் செஸ்னா 172, டயமண்ட் டிஏ40 போன்ற சிறு விமானங்களில் தொடங்குகிறது. நேராகவும் மட்டமாகவும் பறப்பது, திரும்புவது, ஏறுவது, இறங்குவது, இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையிலிருந்து மீள்வது ஆகியவற்றைப் பயிற்றுநரோடு பழகிய பின், ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி வாரக்கணக்கில் நடக்கும். அங்கேதான் பலர் சோர்ந்து போகிறார்கள். இறங்குதல் ஒரே நாளில் பிடிபடுவதில்லை. ஓடுபாதையின் தொலைமுனையைப் பார்க்கக் கண் பழகும் வரை, சற்று முன்போ பின்போ சக்கரம் தட்டத்தான் செய்யும். பிறகு ஒருநாள் பயிற்றுநர் இறங்கிக்கொண்டு தனியே அனுப்பிவைப்பார்.

உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். தொலைதூரப் பயணங்களுள் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமலும், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் முழுமையாக இறங்கியதாகவும் இருக்க வேண்டும். இரவுப் பறத்தலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதும் தனித்தனியே கணக்கில் வரும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதியை மறந்து, தாள் ஒன்றில் தேறாமல் காலம் கடத்தினால், மீண்டும் பறப்பதற்குத் தனியே பணம் கட்ட நேரும். தேர்வுகளைப் பறப்பதற்கு முன்பே முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிபிஎல் கையில் வந்தவுடன் ஏர்பஸ் ஏ320-இல் அமர்ந்துவிட முடியாது. அந்த வகை விமானத்துக்கென டைப் ரேட்டிங் பயிற்சியைச் சிமுலேட்டரில் முடிக்க வேண்டும். அதற்கும் பல இலட்சம் ஆகும். வேலை உறுதியாகும் முன் சொந்தச் செலவில் அதை எடுப்பது பற்றி நன்றாக யோசியுங்கள். எடுத்த வகையை நிறுவனம் வேண்டாம் என்றால் பணம் முடங்கிவிடும். நிறுவனங்கள் எழுத்துத் தேர்வு, உளத்திறன் சோதனை, நேர்காணல், சிமுலேட்டர் சோதனை ஆகியவற்றின் வழியாகத் துணை விமானிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. சில நிறுவனங்கள் தாமே மாணவர்களைத் தேர்ந்து தொடக்கம் முதல் பயிற்றுவிக்கும் திட்டத்தை நடத்துகின்றன. செலவு கூடுதலென்றாலும் வேலைக்கான பாதை தெளிவாக இருக்கும்.

துணை விமானியாகப் பறந்தபடியே 1,500 மணி நேரத்தை எட்டி, 21 வயதும் நிறைந்து, மேல்நிலைத் தேர்வுகளையும் முடித்தால் ஏடிபிஎல் எனப்படும் விமானப் போக்குவரத்து விமானி உரிமம் கிடைக்கும். கேப்டனாவதற்கு அது தேவை. அதுவரை ஒவ்வொரு பறத்தலும் லாக் புக் என்னும் பறத்தல் பதிவேட்டில் ஏற வேண்டும். முதல் நாளிலிருந்தே அன்றன்றைய பதிவை அன்றன்றே எழுதி, பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கி, பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.